மாட்டுப் பண்ணையில் சின்னப் பிள்ளைகளை வளர்க்க

முதலில் வேலி. வீட்டை ஒட்டி, பிள்ளையால் திறக்க முடியாத கதவோடு ஒரு விளையாட்டு இடம் அமையுங்கள், ஏனென்றால் சின்னக் குழந்தை மூழ்கத் தொட்டியில் சில அங்குலத் தண்ணீரே போதும், அதுவும் சத்தமே இல்லாமல் நடந்துவிடும். டிராக்டரில் மடியில் உட்கார வைத்து ஓட்டவே வேண்டாம், எவ்வளவு அழுதாலும் சரி. மாட்டுக்கும் குதிரைக்கும் நேர் பின்னால் நிற்பது தெரியாது. பக்கவாட்டில் குரல் கொடுத்துக்கொண்டே போகப் பழக்குங்கள். கன்று ஈன்ற பசு சாதுவாகவே இருந்தாலும் பிள்ளையைக் கிட்டே விடாதீர்கள். கன்றைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சானிடைசர் எல்லாக் கிருமியையும் கொல்லாது. அப்புறம் வேலை: முட்டை பொறுக்குவது நாலு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, கூடவே நின்று செய்ய விடுங்கள்.