நியூரோ சர்ஜன் (மூளை, தண்டுவட அறுவை மருத்துவர்) ஆகி, கல்லூரியில் ஆராய்ச்சியும் செய்ய நினைக்கும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டான்: "அண்ணே, நியூரோ சர்ஜன் ஆகணும், ஆனா ஆபரேஷன் மட்டும் இல்ல, காலேஜ்ல பாடம் எடுக்கணும், ஆராய்ச்சியும் பண்ணணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மண்டபத்திலோ தொண்டியிலோ இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள்.

முதலில் காலக்கணக்கு. எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், ஹவுஸ் சர்ஜன் 1 வருடம், எம்.எஸ். பொது அறுவை 3 வருடம், அதற்கு மேல் எம்.சிஎச். என்ற உயர்சிறப்புப் படிப்பில் நியூரோ சர்ஜரி 3 வருடம். நுழைவுத் தேர்வுகளுக்காக வீட்டில் உட்கார்ந்து படிக்கும் மாதங்களைச் சேர்க்காமலே பதினொன்றரை வருடம். எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேராக 6 வருட எம்.சிஎச். படிக்கும் வழியும் பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம்) போன்ற சில இடங்களில் உண்டு. இதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். படகுக் கடனும் தங்கச்சி கல்யாணமும் இருக்கிற வீட்டில் 30 வயது வரை படிப்பு என்பது சின்ன விஷயம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் வேண்டுமென்றால் அரசுப் பணியில் சேர்ந்துவிட்டு, பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கான ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்குப் போகலாம். நேரம் கூடும், ஆனால் நல்ல வழிதான்.

சரி, ஆராய்ச்சி செய்யும் சர்ஜன் என்றால் என்ன? ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருகாலத்தில் வலிப்போடு வருகிறவரின் சி.டி. ஸ்கேனில் சின்னதாக ஒரே ஒரு கட்டி தெரிந்தால், டி.பி. கட்டி என்று வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுப்பார்கள். வேலூர் சி.எம்.சி. நியூரோ சர்ஜன்களுக்கு அதில் சந்தேகம் வந்தது. கட்டியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்புழுவால் வந்தவை, பல நேரம் தானாகவே கரைந்துபோகிறவை. 1989இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அதை எழுதினார்கள், தேவையில்லாத மருந்திலிருந்து எத்தனையோ பேர் தப்பித்தார்கள். நான் இந்தத் துறைக்கு வந்ததே இதைப் படித்த பிறகுதான். இந்தியாவின் முதல் நியூரோ சர்ஜரி துறையை 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியதும் அதே வேலூரில்தான், அடுத்த வருடமே சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இவ்வளவு பெரிய பள்ளிகள் பக்கத்திலேயே இருக்க, வெளிநாடு போனால்தான் ஆராய்ச்சி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி எங்கிருந்து வரும் என்றால், நம் ஊரிலிருந்தே வரும். சங்கு குளிக்கிறவர் கம்ப்ரஸர் குழாயை வைத்து ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகி முதுகுத் தண்டைத் தாக்கும். கால் விழுந்துவிடும், சிறுநீர் போகாது. அதற்கு ஆபரேஷன் தேவையில்லை, உடனே ஆக்ஸிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும்தான் வேண்டும். இப்படிப்பட்டவர்கள் எத்தனை மணி நேரம் கழித்து வருகிறார்கள், எங்கெங்கே அலைந்துவிட்டு வருகிறார்கள்? யாராவது ஒழுங்காக எண்ணி எழுத வேண்டிய விஷயம் இது.

எண்ணி எழுதுவதில் நான் ஒரு தவறு செய்தேன். எம்.எஸ். படிக்கும்போது ராமேஸ்வரம் பக்கமிருந்து தலைக்காயத்தோடு வந்தவர்களை நிறையப் பார்த்தேன், மூளை உறைக்கு வெளியே ரத்தம் கட்டி, வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்து திடீரென்று நினைவிழப்பவர்கள் உட்பட. அடிபட்ட நேரத்துக்கும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று பின்னால் கணக்கெடுக்கப் போனால், பாதி கேஸ் ஷீட்டில் அடிபட்ட நேரமே இல்லை. அதில் நான் எழுதியவையும் இருந்தன. அதனால் முதல் நாளிலிருந்தே அடிபட்ட நேரம், வந்த நேரம், வந்தபோது கிளாஸ்கோ மதிப்பெண் (நினைவு எந்த அளவில் இருக்கிறது என்பதற்கான மதிப்பெண்), இரண்டு கண் பாப்பாவும் எப்படி இருந்தன, இதை எல்லாம் கேஸ் ஷீட்டில் விடாமல் எழுதுங்கள். உங்கள் சொந்த நோட்டில் நோயாளியின் பெயர் வேண்டாம், கேள்வியை மட்டும் குறித்து வையுங்கள். ஆராய்ச்சிக்காக ரெக்கார்டு எடுப்பதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம் வாங்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் மாணவர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், 2 மாத வேலை, உதவித்தொகையும் உண்டு. புள்ளியியல் இல்லாமல் கட்டுரை நிற்காது, அதையும் அப்போதே தொட்டுவிடுங்கள்.

அப்புறம் கை. மைக்ராஸ்கோப்புக்குக் கீழே 10-0 என்ற, முடியைவிட மெல்லிய தையல் நூலால், கோழி இறக்கையில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாயைத் தைத்துப் பழகலாம், கறிக்கடையில் கிடைப்பதே போதும். பாம்பனில் வலை பொத்துகிறவர்கள் விரலை மட்டும் அசைப்பார்கள், முழங்கை அசையாது. உங்கள் கையும் அப்படி ஆகும் வரை தினமும் அரை மணி நேரம்.

எம்.சிஎச். முடித்து உதவிப் பேராசிரியராகச் சேரும்போது தனியார் மருத்துவமனை அதிகச் சம்பளத்தோடு கூப்பிடும், யோசித்து முடிவெடுங்கள். கல்லூரியிலேயே இருப்பதென்றால் எமர்ஜென்சி உங்கள் வாரத்தை முழுசாகத் தின்றுவிடும். அதனால் சேர்ந்த முதல் மாதமே துறைத் தலைவரிடம் பேசி, வாரத்தில் ஒரு மதியத்தை எழுதுவதற்கென்று டியூட்டி சார்ட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தில் யார் நிற்பார் என்பதையும் சேர்த்து.