மைக் செட் பெட்டிக்குள் எம்.எஸ்.வி.: பழைய தட்டுகளைக் கழுவி, பதிந்து, வருடப்படி அடுக்கும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய மைக் செட்காரர்களின் வீட்டுப் பரணில் இன்னும் தட்டுப் பெட்டிகள் கிடக்கின்றன. பாதிக்கு மேல் எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டாகத்தான் இருக்கும். கிடைத்த கையோடு ஊசியை வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். முதல் வேலை கண்ணுக்கும் விரலுக்கும்தான்.

10 அங்குலத்தில் கனமாக இருப்பது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டு. ஓரத்தைப் பிடித்து விரலால் மெல்லச் சுண்டுங்கள். கணீரென்றால் நல்லது; சத்தம் செத்திருந்தால் எங்கோ விரிசல், அதைத் தனியாக வையுங்கள். 7 அங்குலம் 45 சுற்று, 12 அங்குலம் 33⅓ சுற்று, அதுதான் எல்.பி. இவை இரண்டும் வினைல், கீழே விழுந்தால் உடையாது. வெயிலில் வைத்தால் அப்பளமாக வளையும்.

அடுத்து லேபிளைப் படியுங்கள். உறையை நம்ப வேண்டாம். திருவிழா அவசரத்தில் கைக்கு வந்த உறையில் தட்டைச் சொருகியிருப்பார்கள். உறையில் அச்சிட்ட ஆண்டும் மறுவெளியீட்டு ஆண்டாக இருக்கலாம், படம் வந்த ஆண்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை. லேபிளில் இசை என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் சாட்சி.

'விஸ்வநாதன் - ராமமூர்த்தி' என்றிருந்தால் 1952 முதல் 1965 வரை. 'பணம்' படத்தில் தொடங்கிய இந்தக் கூட்டணி 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தது. எம்.எஸ்.விஸ்வநாதன் என்று மட்டும் இருந்தால் 1965 முதல். 1965-லேயே இரண்டு வகை லேபிளும் உண்டு என்பதால், அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் படத்தின் பெயரை வைத்து முடிவு செய்யுங்கள்.

பலர் தூக்கிப் போட்டுவிடும் மூன்றாவது அடுக்கு ஒன்று உண்டு: எஸ்.எம்.சுப்பையா நாயுடு, சி.ஆர்.சுப்பராமன் பெயர் போட்ட தட்டுகள். 1928-இல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்த விஸ்வநாதன், ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, சுப்பையா நாயுடுவிடமும் பிறகு சுப்பராமனிடமும் வேலை கற்றவர். வயலின்காரர் ராமமூர்த்தியோடு பழக்கம் ஏற்பட்டது சுப்பராமனிடம் இருந்தபோதுதான். 1952-இல் சுப்பராமன் காலமாக, முடியாமல் நின்ற படங்களை இருவரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தார்கள். உதவியாளர் பெயர் லேபிளில் வராது. அதனால் அந்தத் தட்டுகளை வரிசையின் முதலில் வையுங்கள். அவை இல்லாமல் அடுக்கினால், மனிதர் 1952-இல் வானத்திலிருந்து குதித்த மாதிரி தெரியும்.

ஓசூர் பக்கத்துப் பெட்டியில் தெலுங்குத் தட்டுகளும் கலந்து கிடக்கும். ஒதுக்காதீர்கள். இதே மெட்டு அங்கே வேறு குரலில் இருக்கலாம்.

கழுவுவதற்குப் போர்த் தண்ணீர் ஆகாது. இந்த இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீர் ஃபுளோரைடுக்குப் பேர் போனது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். உப்புத் தண்ணீர் காய்ந்தால் பள்ளத்துக்குள் வெள்ளைப் படிவம் நிற்கும், ஊசி அதைத் தட்டித் தட்டிப் பொரியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 1 லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் 3 அல்லது 4 சொட்டு, போதும். ஆசிட் கேனை மாற்றி வாங்கிவிடாதீர்கள். மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. லேபிளில் ஈரம் படக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு துடைப்பு, நிழலில் உலர்த்தல். அரக்குத் தட்டை ஊறப்போடாமல் உடனே ஒற்றி எடுங்கள். அதன்மேல் ஸ்பிரிட், சானிடைசர் பட்டால் பாட்டு கரைந்துவிடும்; அரக்கு ஆல்கஹாலில் கரையும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தூசிக்கு அதைவிட நல்ல பசை இல்லை.

ஊசியில்தான் பலர் தட்டைக் கெடுக்கிறார்கள். எல்.பி. ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான், 78-க்கு வேண்டியது சுமார் 76 மைக்ரான். எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் தட்டு போச்சு. ஊசி அழுத்தம் எல்.பி.க்கு 1.5 முதல் 3 கிராம், 78-க்கு 3 முதல் 5 கிராம். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைத் தயாரித்தவர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள்.

வேகத்தைச் சரிபார்க்கத் தட்டின்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மொபைலில் படமெடுத்து மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். 78 என்றால் 10 நொடியில் 13 சுற்று. 33⅓ என்றால் 3 நிமிடத்தில் 100. பழைய பிளேயர்களின் மோட்டார், தோட்டத்தில் பம்ப்செட் ஓடி வோல்டேஜ் இறங்கும்போது தள்ளாடும். சுருதி அரை ஸ்வரம் இறங்கிவிட்டால் பி.சுசீலாகூட வேறு ஆள் மாதிரி கேட்பார். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால் உறுமல் ஏறும். கரண்ட் இருக்கும்போது பதியுங்கள். லேப்டாப்பை மட்டும் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் விடுங்கள்.

பிளேயருக்கும் கணினிக்கும் நடுவில் ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப், அடுத்து அதைக் கணினிக்குள் கொண்டுபோகும் யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ். பதிவுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி. மோனோ தட்டானாலும் இரண்டு சேனலிலும் பதிந்து பிறகு ஒன்றாகக் கலந்தால், ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் கணிசமாகக் குறையும். 3 நிமிடப் பாட்டு மோனோ வேவ் கோப்பாகச் சுமார் 26 எம்.பி. வரும். இந்த முதல் கோப்பில் கை வைக்கக் கூடாது. சுத்தம் செய்வதெல்லாம் நகலில்.

சுத்தத்திலும் கை அடக்கம் வேண்டும். விஸ்வநாதன் - ராமமூர்த்தி பாட்டில் பாங்கோஸ் என்ற சிறு இரட்டை மேளத்தில் விரல் விழும் தொடக்கம், திரையில் பார்த்தால் தட்டுக் கீறல் மாதிரியே கூராக நிற்கும். ஆடாசிட்டியில் கீறல் சத்தத்தை நீக்கும் கிளிக் ரிமூவலைக் கூட்டினால் அதையும் சேர்த்து விழுங்கி, தாளத்தைத் துணியால் மூடிய மாதிரி ஆக்கிவிடும். கீறலை ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்வதே மேல். இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் 6 முதல் 8 டெசிபெல் போதும். அதிலுள்ள ரெசிட்யூ பொத்தானை அழுத்தினால் எது கழிபடுகிறதோ அது மட்டும் கேட்கும். அங்கே பாடகர் குரல் கேட்டால் அளவு மீறிவிட்டீர்கள்.

78-இன் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடத்துக்குமேல் கொள்ளாது. நீளப் பாட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும், அல்லது படத்தில் வந்த சரணம் ஒன்று தட்டில் இருக்காது. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டி 'முழுமை' ஆக்காதீர்கள். கோப்புக்கு ஆண்டு, இசை, படம், தட்டு எண், பக்கம் என்ற வரிசையில் பெயர் வைத்தால் கணினி தானாகவே காலப்படி அடுக்கிக்கொள்ளும்.

தட்டுகளை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது வளையும். தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணுக்கே திரும்ப ஏற்றாதீர்கள்.

வரிசையின் கடைசிக்கு மட்டும் கேசட் பிளேயர் தேவைப்படும். 30 வருடம் கழித்து, 1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக விஸ்வநாதன், ராமமூர்த்தி என்ற இரண்டு பெயரும் மறுபடி சேர்ந்தன. கேசட்டைப் போடும் முன் நாடாவுக்குப் பின்னாலுள்ள பஞ்சுத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கி மங்கி வரும்.