டிராஃப்டுக்கு முன் ஒரு கல்லூரி குவார்ட்டர்பேக்கை எடைபோடுவது எப்படி?

டிராஃப்ட் என்பது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும் நிகழ்வு; குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வீசி அணியை நடத்துபவர். 2020 டிராஃப்டில் முதல் ஆளாகக் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ எடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு இரண்டாவது ஆளாக ஸாக் வில்சன். கல்லூரியில் இருவரின் கடைசி ஆண்டுப் புள்ளிவிவரங்களைப் பெயரை மறைத்து அருகருகே வைத்தால், யார் மேல் என்று சொல்வது கடினம். பர்ரோ தன் இரண்டாவது ஆண்டிலேயே சின்சினாட்டி அணியை சூப்பர் பௌல் இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றார். வில்சனை மூன்று ஆண்டுகள் வைத்துப் பார்த்துவிட்டு நியூயார்க் ஜெட்ஸ் வேறு அணிக்கு அனுப்பிவிட்டது.

இந்த வேறுபாட்டை முன்கூட்டியே ஓரளவாவது பார்க்க முடியுமா என்று தேடிச் சேர்த்ததுதான் கீழே உள்ள செய்முறை. ஆட்ட விதிகள் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்; டவுன் என்றால் என்ன, டச்டவுன் என்றால் என்ன என்று விளக்கப்போவதில்லை. எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: களத்தில் நடந்ததில் இவருடைய பங்கு எது, கூட இருந்தவர்களின் பங்கு எது?

படி 1: ஒரே ஓர் எண்ணோடு தொடங்குங்கள்

ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் தளத்தின் கல்லூரிப் பிரிவு இலவசம். இந்தப் படிக்கு வேறெங்கும் போக வேண்டாம். அங்கிருந்து வீச்சுகள், யார்டுகள், டச்டவுன்கள், இன்டர்செப்ஷன்கள் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சுகள்) நான்கையும் கூகுள் ஷீட்ஸில் ஏற்றுங்கள். கணக்கு இது: யார்டுகளோடு டச்டவுன் ஒன்றுக்கு 20 கூட்டுங்கள், இன்டர்செப்ஷன் ஒன்றுக்கு 45 கழியுங்கள், வருவதை வீச்சுகளின் எண்ணிக்கையால் வகுங்கள்.

2019இல் எல்.எஸ்.யூ. அணிக்காகப் பர்ரோ 527 வீச்சுகளில் 5,671 யார்டுகள், 60 டச்டவுன்கள், 6 இன்டர்செப்ஷன்கள். விடை 12.5. 2020இல் பி.ஒய்.யூ. அணிக்காக வில்சன் 336 வீச்சுகளில் 3,692 யார்டுகள், 33 டச்டவுன்கள், 3 இன்டர்செப்ஷன்கள். விடை கிட்டத்தட்ட 12.6. வில்சன் ஒரு நூல் மேலே!

ஆகவே இந்த எண் வாசற்படி மட்டுமே. யாரைப் பார்க்கவே தேவையில்லை என்று சொல்ல இது உதவும். இருவரில் யார் என்று சொல்ல உதவாது.

படி 2: எதிரே யார் நின்றார்கள்?

ஒவ்வொரு ஆட்டத்தையும் தனி வரிசையாக எழுதி, எதிரணியைப் பக்கத்தில் குறியுங்கள். பர்ரோவின் பட்டியலில் அலபாமா, ஜார்ஜியா, ஆபர்ன், ஃபுளோரிடா, ஓக்லஹோமா, கிளெம்சன் எல்லாம் இருக்கின்றன. வில்சனின் பட்டியலில் பெருந்தொற்றின் காரணமாக வலுவான அணிகள் பல கழன்றுபோய், அவசரமாகச் சேர்க்கப்பட்ட எதிரணிகள் நிறைந்தன. இதில் அவருடைய பிழை ஏதுமில்லை. ஆனாலும் நம் கையில் இருக்கும் சான்று சுருங்கிவிடுகிறது.

அப்படிப்பட்ட பட்டியலில் மிகக் கடினமான ஆட்டம் எதுவோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வில்சனுக்கு அது கோஸ்டல் கரோலினா. வியாழக்கிழமை முடிவாகி சனிக்கிழமை நடந்த ஆட்டம், பி.ஒய்.யூ. 17-22 என்று தோற்றது. பாக்கெட் (அவரைச் சுற்றி நிற்கும் காப்பு வளையம்) கலையும்போது அவர் என்ன செய்கிறார் என்பதை அந்த ஓர் ஆட்டம் மற்ற ஆட்டங்களைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

படி 3: ‘சாக்’ எண்ணிக்கையைத் தோண்டியெடுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். நானும் இங்கேதான் அதிக நேரம் செலவிட்டேன், ஏனென்றால் கணக்கு ஒத்துவராது.

காரணம், கல்லூரிப் புள்ளிவிவர முறையில் குவார்ட்டர்பேக் சாக் ஆனால் (பந்தை வீசும் முன்பே வீழ்த்தப்பட்டால்) இழந்த யார்டுகளை அவருடைய ஓட்டக் கணக்கில் கழிக்கிறார்கள். என்.எஃப்.எல்.லில் அது அணியின் பாஸ் கணக்கில் கழியும். ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் பத்து முறை ஓடி 60 யார்டு எடுத்தார், நான்கு முறை சாக் ஆகி 30 யார்டு இழந்தார் என்று வையுங்கள். கல்லூரிப் பட்டியல் “14 ஓட்டம், 30 யார்டு” என்று காட்டும். அவர் நன்றாக ஓடக்கூடியவர் என்பதும் தெரியாது, அடிக்கடி மாட்டிக்கொள்கிறார் என்பதும் தெரியாது. இரண்டு உண்மைகள் ஒரே வரியில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

பிரித்தெடுக்கும் வழி: ஈ.எஸ்.பி.என். தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ‘பிளே பை பிளே’ பக்கம் உண்டு. அதில் சாக் என்று தேடி, எண்ணிக்கையையும் இழந்த யார்டையும் உங்கள் வரிசையில் சேருங்கள். ஓட்டக் கணக்கிலிருந்து அவற்றை நீக்குங்கள். பொறுமை வேண்டும், ஆனால் சிக்கலான வேலை இல்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். சாக் எண்ணிக்கையை ஆட்ட எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். அவர் அழுத்தத்துக்கு ஆளான தடவைகளால் வகுங்கள். பத்து முறை அழுத்தம் வந்து ஒரு முறை விழுந்தவரும், ஐந்து முறை வந்து மூன்று முறை விழுந்தவரும் ஒரே ரகம் இல்லை. அழுத்தக் கணக்கு பி.எஃப்.எஃப். என்ற ஆட்டப் பகுப்பாய்வுத் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கும். நான் கையால் எண்ணுவதையே விரும்புகிறேன். எண்ணும்போது கண் பழகும். வாங்கிய எண் அந்தப் பழக்கத்தைத் தராது. என் அளவுகோல்: தடுப்பாட்டக்காரர் கைநீட்டும் தூரத்துக்கு வந்தாலோ, குவார்ட்டர்பேக் நின்ற இடத்தைவிட்டு விலக நேர்ந்தாலோ அது அழுத்தம். ஐந்தில் ஒன்றுக்கு மேல் சாக்கில் முடிந்தால் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி போடுகிறேன்.

சாக் என்றாலே குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை வீரர்களைக் குறைசொல்வது ஒளிபரப்பாளர்களின் வழக்கம். பந்தை எவ்வளவு நேரம் கையில் வைத்திருப்பது என்று முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக்தான். அதனால்தான் இந்தப் பழக்கம் அணி மாறினாலும் ஆளோடு கூடவே வருகிறது. யூ.எஸ்.சி. கல்லூரி அணியில் கேலப் வில்லியம்ஸ் பந்தை நீண்ட நேரம் வைத்திருந்து அற்புதங்கள் செய்தார். 2024இல் சிகாகோவில் முதல் ஆண்டிலேயே 68 முறை சாக் ஆனார். சிகாகோவின் முன்வரிசை பலவீனமாகவும் இருந்தது என்பது உண்மை. ஆனால் கல்லூரியில் தெரிந்த குணம் அங்கும் தெரிந்தது.

படி 4: முழு ஆட்டம் பாருங்கள்

சிறப்புக் காட்சித் தொகுப்புகளைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. யூடியூபில் ஒரு குவார்ட்டர்பேக்கின் எல்லா வீச்சுகளையும் தொகுத்த ஆட்டப்பதிவுகள் கிடைக்கும். நான்கு ஆட்டங்களாவது பாருங்கள், அதில் இரண்டு தோல்விகளாக இருக்கட்டும். காட்சியை நிறுத்திவிட்டு விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு சட்டகமாக முன்னே போகும், காற்புள்ளி விசை பின்னே கொண்டுவரும். இதற்காகத் தனி மென்பொருள் தேவையில்லை.

பந்தைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். முதல் ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) அடைபட்டதும் கால்கள் அடுத்த ரிசீவரை நோக்கித் திரும்புகின்றனவா, அல்லது உடனே ஓட ஆரம்பிக்கின்றனவா? தொலைக்காட்சிக் கேமரா பக்கவாட்டில் இருப்பதால் ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகள் (கடைசித் தடுப்பாளர்கள்) தெரியமாட்டார்கள். எனவே “தவறான ஆளுக்கு வீசினார்” என்று அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். மறுகாட்சி பின்புறக் கோணத்தில் வரும்போது மட்டும் எழுதுங்கள்.

படி 5: கல்லூரி விதிகள் கொடுத்த சலுகையைக் கழியுங்கள்

ஸ்கிரீன் பாஸ்களை (ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே கொடுக்கும் குறும்பாஸ்களை) தனியே எண்ணி ஒதுக்குங்கள். அந்த யார்டுகள் பிடித்து ஓடியவருக்குச் சொந்தம். ஓட்டமா பாஸா என்று கடைசி நொடியில் தீர்மானிக்கும் ஆட்டங்களில், முன்வரிசை வீரர்கள் மூன்று யார்டு வரை முன்னேறக் கல்லூரி விதி அனுமதிக்கிறது. என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டுதான். கல்லூரியில் எளிதாகத் திறந்த பாஸ்கள் பல அங்கே திறக்காது.

எதிர்த்திசையிலும் ஒரு வேறுபாடு உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. கல்லூரிக் களத்தில் ஹாஷ் கோடுகளுக்கு (பந்தை வைத்து ஆட்டம் தொடங்கும் பகுதியின் இரு எல்லைகளுக்கு) இடையே 40 அடி, என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடி. களத்தின் அகலம் இரண்டிலும் 160 அடி. ஆகவே கல்லூரியில் இடது ஹாஷிலிருந்து வலது எல்லைக்கோட்டுக்கு 100 அடி, என்.எஃப்.எல்.லில் சுமார் 89 அடி. கல்லூரியில் அந்தத் தொலைவான எல்லைக்கோட்டுக்குப் பந்தைத் தாழ்வாக, வேகமாகச் செலுத்துபவரின் கைவலிமையைப் பற்றி எந்த ஐயமும் வேண்டாம். இப்படிப்பட்ட வீச்சுகளைத் தேடிக் குறித்துவையுங்கள்.

டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் சோதனையின் உடல் அளவுகளுக்கு அதிக நேரம் கொடுக்காதீர்கள். பர்ரோவின் விரித்த கை 9 அங்குலம்தான் என்று அப்போது பெரிய பேச்சு நடந்தது. தேர்ந்த ரிசீவர்களுக்கு, எதிரில் யாருமில்லாமல் வீசும் புரோ டே (கல்லூரி தன் வீரர்களை என்.எஃப்.எல். அணிகளுக்குக் காட்டும் நாள்) காட்சிகளும் அப்படித்தான்: 2021இல் வில்சன் இடதுபக்கம் ஓடிக்கொண்டே குறுக்காக வீசிய நீண்ட பாஸ் இன்றும் அழகுதான். அழுத்தத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

படி 6: டிராஃப்டுக்கு முன்பே எழுதிப் பூட்டுங்கள்

ஒவ்வொருவருக்கும் மூன்று வரி போதும்: எந்தச் சுற்றில் எடுக்கலாம், எதை நம்புகிறீர்கள், எது பயமுறுத்துகிறது. தேதி போட்டு மூடுங்கள். எந்த அணி எடுத்தது என்று தெரிந்தபின் எழுதும் மதிப்பீட்டில் அந்த அணியின் நிறம் ஏறிவிடும்.

பின்னர் சேர்த்தது

ஜாஷ் ஆலனை இந்த முறை தவறவிட்டிருக்குமே என்று சிலர் கேட்டார்கள். ஆம். வயோமிங்கில் 2017இல் அவருடைய முதல்படி எண் 6.9, முழுமையான பாஸ் 56 விழுக்காடு. படி 1-லேயே வெளியே போயிருப்பார். பஃபலோ அவரை ஏழாவதாக எடுத்து, வீசும் முறையைத் திருத்தி, 2020இல் 69 விழுக்காட்டைத் தாண்டவைத்தது. 2024இல் அவர் லீகின் மிகமதிப்புள்ள வீரர். இப்போது படி 5-இன் எல்லைக்கோட்டு வீச்சுகளில் மிகச் சிறந்து நிற்பவர்களை, முதல் எண் எப்படியிருந்தாலும், பட்டியலில் வைத்துக்கொள்கிறேன்.

அணி மாறியவர்களைப் பற்றியும் கேள்வி வந்தது. பர்ரோ ஒஹையோ ஸ்டேட்டிலிருந்து வந்தவர். ஜேடன் டேனியல்ஸ் அரிசோனா ஸ்டேட்டிலிருந்து. ஆண்டுகளைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டாம். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித் தாள் தொடங்கி, அழுத்தத்துக்கும் சாக்குக்குமான விகிதத்தை மட்டும் இரண்டு தாள்களிலும் ஒப்பிடுங்கள். டேனியல்ஸின் விகிதம் டிராஃப்டுக்கு முன் பலரைக் கவலைப்படுத்தியது. ஆனால் அழுத்தம் வந்தபோது சாக் ஆகாமல் ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டி ஓடி எடுத்த யார்டுகளையும் எண்ணினால் படம் மாறுகிறது. வாஷிங்டனில் முதல் ஆண்டிலேயே அதைக் காட்டினார். எனவே படி 3-இல் இன்னொரு நெடுவரிசை சேர்த்துவிடுங்கள்: அழுத்தத்திலிருந்து தப்பி ஓடியவை.