வால்கானிக் கைத்துப்பாக்கி: காசு கொடுக்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

லீவர் ஆக்‌ஷன் (லீவரைத் தள்ளி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் முறை) என்றால் கௌபாய் படங்களில் வரும் வின்செஸ்டர் துப்பாக்கிதான் பலருக்கும் தெரியும். அதன் பாட்டன் ஒரு கைத்துப்பாக்கி. ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் 1854 வாக்கில் கனெக்டிகட் மாநிலத்து நார்விச்சில் செய்யத் தொடங்கியது. 1855இல் வால்கானிக் நிறுவனமானது, மறு வருடம் நியூ ஹேவனுக்கு மாறியது. சட்டை வியாபாரியான ஆலிவர் வின்செஸ்டர் கையில் 1857இல் நியூ ஹேவன் ஆர்ம்ஸ் ஆயிற்று. நான் சிறிய, 0.31 அங்குலக் குண்டு போடும் மாடல் ஒன்றைத் தேடி வாங்கியபோது பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1898 வரை தயாரானவை ஃபெடரல் சட்டப்படி பழம்பொருள். ஆனால் மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

1. உள்ளே குண்டு இருக்கிறதா?

இதன் தோட்டாவுக்குத் தனிக் கூடு கிடையாது. ஈயக் குண்டின் குடைந்த அடிப்பகுதிக்குள்ளேயே வெடிமருந்தும் பற்றவைக்கும் பொருளும் இருக்கும். பேரலுக்கு (குண்டு வெளியேறும் குழலுக்கு) கீழே தோட்டாக்கள் அடுக்கும் குழாயில் நீளமான திறப்பு உண்டு, அதன் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதாவது தெரிந்தால் லீவரைத் தொடாமல் விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

2. காந்தம்

சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஃபிரேமில், அதாவது பேரலுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் உள்ள உடல் பகுதியில், வையுங்கள். ஸ்மித் – வெஸ்ஸன் காலத்து ஃபிரேம் இரும்பு, ஒட்டும். வால்கானிக் காலத்தில் பித்தளை மாதிரியான உலோகம், ஒட்டாது.

(பின்சேர்க்கை: “ஒட்டுகிறதே, அப்போ பழசுதானே?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் வைத்தது பேரலில். பேரல் எல்லாவற்றிலும் எஃகுதான், ஃபிரேமில் வைத்தால்தான் கணக்கு. வெள்ளி முலாம் பூசிய ஃபிரேம்களும் உண்டு. நிறத்தைப் பார்த்து இரும்பு என்று முடிவு கட்டாதீர்கள்.)

3. பேரல் எழுத்து

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். பேரலின் மேலே ஊர்ப் பெயரோடு ‘பிப்ரவரி 14, 1854’ என்று இருக்கும். விற்பவர்களும் கூசாமல் ‘1854 மாடல்’ என்று விளம்பரம் போடுவார்கள். அது காப்புரிமை கிடைத்த தேதி, தயாரான தேதி இல்லை. நியூ ஹேவன் காலத்துத் துப்பாக்கியிலும் அதே தேதிதான் அடித்திருக்கும். எனவே தேதியை விட்டுவிட்டு ஊரையும் உலோகத்தையும் சேர்த்துப் பாருங்கள். நார்விச் என்றால் ஃபிரேம் இரும்பாக இருக்க வேண்டும். நியூ ஹேவன் என்றால் காந்தம் ஒட்டக்கூடாது. இரண்டும் பொருந்தவில்லையா, ஏதோ ஒரு பாகம் மாறியிருக்கிறது.

அடுத்து லென்ஸ். பத்து மடங்கு போதும், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது மாதிரி. செல்போன் கேமரா ஸூமை நான் நம்புவதே இல்லை, அது விளிம்புகளைத் தானாகவே கூர்மையாக்கிக் காட்டும். பேரலின் முனைகள் மழுங்கித் தேய்ந்திருக்க, எழுத்து மட்டும் நேற்று அடித்ததுபோல் பளிச்சென்று இருந்தால் விலகிவிடுங்கள். உண்மையான எழுத்தும் பேரலோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும்.

4. லீவர்

மெதுவாக முன்னால் தள்ளுங்கள். உள்ளே உள்ள கணு மடங்க, பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் பின்னால் போகும். திரும்ப இழுத்தால் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். நடுவில் கரகரவென்றால் வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள்.

5. ஸ்க்ரூ

சீரியல் நம்பரைப் பார்க்கக் கைப்பிடிக் கட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். விற்பவரையே கழற்றிப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வாங்கியபின் நீங்கள் கழற்றுவதானால் வீட்டு ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். அதன் நுனி ஆப்புபோல் சரிந்திருப்பதால் பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டும் பிடித்து நசுக்கிவிடும். இரண்டு பக்கமும் இணையாக இழைத்த, துப்பாக்கிக்கென்றே வரும் ஸ்க்ரூடிரைவர் நுனிகளை (பிட் செட்) வாங்குங்கள். விலை கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை. ஸ்க்ரூ தலை ஏற்கெனவே நசுங்கியிருந்தால் பேரம் பேசலாம்.

6. பராமரிப்பு

பிராஸோ மாதிரி பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. காலப்போக்கில் படிந்த மங்கல் நிறத்துக்குத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுக்கிறார்கள். நான் போடுவது ரெனசான்ஸ் என்ற பாதுகாப்பு மெழுகு மட்டும். தோல் உறையில் வைத்தால் பித்தளையில் பச்சை பூக்கும்.

(பின்சேர்க்கை 2: ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இந்தியாவின் 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் பழைய ஆயுதங்களுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருப்பவற்றுக்கே அது பொருந்தும். நல்ல நிலையில் உள்ள வால்கானிக் அதில் வராது. வக்கீலைக் கேட்காமல் பெட்டியில் வைக்காதீர்கள்.)