கொகோடா காட்டுப்பாதை: நன்கொடைக்காக நடப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பப்புவா நியூ கினியின் கொகோடா பாதை 96 கிலோமீட்டர் நீளம். தெற்கே ஓவர்ஸ் கார்னருக்கும் வடக்கே கொகோடா கிராமத்துக்கும் நடுவே ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைத் தாண்ட வேண்டும். 1942இல் ஜப்பானியப் படையும் ஆஸ்திரேலியப் படையும் மோதிய வழி என்பதால் ஆஸ்திரேலியர்களுக்கு இது கிட்டத்தட்ட யாத்திரை. ஏதாவது ஒரு நற்காரியத்துக்கு நிதி திரட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் நிறைய. முதல் சறுக்கல் காட்டுக்குப் போகும் முன்பே, பணம் கேட்கும்போதே நடந்துவிடுகிறது.

விமான டிக்கெட், வழிகாட்டி, சுமைதூக்கி, அனுமதிக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் சில ஆயிரம் டாலர் ஆகும். இவ்வளவு திரட்டிக் கொடுத்தால் பயணச் செலவும் அதிலேயே அடங்கும் என்ற ஏற்பாடும் உண்டு. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் 50 டாலர் கொடுத்த சித்தப்பாவுக்கு, அதில் எவ்வளவு நோயாளிகளுக்கு, எவ்வளவு உங்கள் ஹோட்டல் அறைக்கு என்று தெரியாவிட்டால் பின்னால் மனக்கசப்புதான். செலவைச் சொந்தக் கையிலிருந்து போடுங்கள். முடியாதென்றால் கணக்கை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். தொண்டு நிறுவனம் முறையாகப் பதிவானதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு இருந்தாலே நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைத்துவிடாது; அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, ‘முழுசா நடந்து முடிப்பேன்’ என்று வாக்குக் கொடுத்துப் பணம் வாங்குவது. மூன்றாம் நாள் நெஞ்சு இறுகும், அல்லது முட்டி வீங்கும். இத்தனை பேர் காசு கொடுத்திருக்கிறார்களே என்று வழிகாட்டியிடம் மறைப்பார்கள். 2009இல் மட்டும் 4 ஆஸ்திரேலியர்கள் இந்தப் பாதையில் நடக்கும்போது இறந்தார்கள். இங்கே சாலை கிடையாது. ஆபத்து என்றால் ஹெலிகாப்டர்தான். மலைமேல் மேகம் மூடிவிட்டால் அதுவும் வராது. அதனால் உடம்பு முதலில் முனகும்போதே சொல்லிவிட வேண்டும். நன்கொடை கேட்கும் பக்கத்திலேயே, ‘நான் பாதியில் திரும்பினாலும் உங்கள் பணம் முழுதாகப் போய்ச்சேரும்’ என்று ஒரு வரி போட்டுவிட்டால், காட்டில் அந்தப் பாரம் இருக்காது.

பயிற்சி விஷயத்தில், கடற்கரையில் தினமும் பத்து கிலோமீட்டர் நடந்தேன் என்பது இங்கே செல்லாது. கொகோடாவில் சமதளம் அபூர்வம். ஏறுவது மூச்சு வாங்கும், சரி. தொடையையும் கால் நகத்தையும் பதம் பார்ப்பது இறக்கம். ஷூவின் முன்பக்கம் விரல்களுக்குக் கொஞ்சம் இடம் இல்லையென்றால் பெருவிரல் முனையில் இடித்து இடித்து நகம் கறுத்து விழும். பையைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள், முக்கியமாக இறங்குங்கள். இதயப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மழைக்காலத்தைத் தவிர்த்துப் போனாலும் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். ஷூவை நனையாமல் காப்பாற்றப் பார்ப்பது வீண்வேலை. நாலைந்து மரத்தண்டுகளைக் கொடியால் கட்டிய பாலங்களில் வழுக்குவதற்கு, நேராக ஓடையில் இறங்கி நடப்பதே சில இடங்களில் மேல். இரவுக்கென்று ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸை மட்டும் பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள், என்ன ஆனாலும் பகலில் எடுக்காதீர்கள். இன்னொன்று, வியர்வை கொட்டுகிறதே என்று வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும், உப்புக்கரைசலும் சேரட்டும்.

சுமைதூக்கிகள் பெரும்பாலும் பாதையோரக் கிராமத்து இளைஞர்கள். வழுக்கும் இறக்கத்தில் பின்னால் வந்து உங்கள் பையின் மேல் வாரைப் பிடித்துக்கொள்வது அவர்கள்தான். எங்கோ உள்ள ஏழைகளுக்காக நடக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, பக்கத்தில் நடப்பவருக்கு என்ன கூலி, எத்தனை கிலோ சுமை, படுக்கப் போர்வை உண்டா என்று கேட்காமல் மலிவான பயண ஏற்பாட்டாளரைப் பிடிப்பது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத காரியம். கடைசி நாளில் பழைய ஷூவைக் கழற்றிக் கொடுத்தால் கூலிக்கு ஈடாகாது.

ஊர் திரும்பியதும் மலேரியா தடுப்பு மாத்திரையை நிறுத்துபவர்கள் அநேகர். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். அங்குள்ள மலேரியாவில் ஒரு வகை ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். எப்போது காய்ச்சல் வந்தாலும், பப்புவா நியூ கினி போய்வந்ததை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.