அமொக்சிசிலின் எப்படி உருவாகிறது என்பதை வகுப்பறையில் காட்ட ஒரு செய்முறை

உயர்தர வகுப்புக்கு நொதியம் (என்சைம்) படிப்பிக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். தலவாக்கலைப் பக்கத் தோட்டப் பாடசாலை எங்களுடையது. ஆய்வுகூடம் என்றால் இரண்டு அலுமாரிதான். அதற்குள் முடிகிற வேலை இது.

டிஸ்பென்சரியில் அமொக்சிசிலின் வாங்காத பிள்ளை இருக்காது. அங்கிருந்தே தொடங்கலாம். பூஞ்சணம் தரும் பெனிசிலின் ஜி-யின் பக்கச் சங்கிலியை வெட்டி 6-ஏபிஏ என்ற கருவை எடுத்து, வேறொரு சங்கிலியைப் பூட்டினால் அமொக்சிசிலின். முன்பு அந்த வெட்டுக்கு டைகுளோரோமீதேன் போன்ற கரைப்பானும், பொஸ்பரஸ் பென்டாகுளோரைட்டும், பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரும் தேவைப்பட்டன. இப்போது பெனிசிலின் அசிலேஸ் என்ற நொதியம் தண்ணீரிலேயே, மிதமான சூட்டில் அதை வெட்டிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் நொதியத்தைக் கழுவி ஊற்றினால் கட்டுப்படியாகுமா? அதனால் சின்ன மணிகளில் பிணைத்து, வடித்தெடுத்துத் திரும்பவும் போடுகிறார்கள். நாம் செய்யப்போவது அப்படியொரு மணி.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் அல்ஜினேட் தூள் 2 கிராமை 100 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டிதட்டும். இரவு வைத்துவிட்டால் நன்றாகக் கரையும். நீரில் கல்சியம் இருந்தாலும் கெட்டியாகும் என்பதால், பெற்றரிக்கு ஊற்றும் வடிநீரே நல்லது. இன்னொரு பாத்திரத்தில் கல்சியம் குளோரைட்டு 2 கிராம், நீர் 100 மில்லிலீற்றர். பாண் போடும் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டியை 10 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, 40 மில்லிலீற்றர் அல்ஜினேட்டில் கலந்துகொள்ளுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒரு சாண் உயரத்திலிருந்து கல்சியக் கரைசலுக்குள் சொட்டு சொட்டாக விட வேண்டும். விழுந்தவுடனே உருண்டையாகும். கால் மணித்தியாலம் ஊறவிட்டு, தேத்தண்ணி வடியில் வடித்து அலசுங்கள். தேசிக்காய் பிழிந்த கையால் தொடவிடாதீர்கள். சித்திரிக் அமிலம் கல்சியத்தைப் பிடுங்கி மணியைக் கெடுத்துவிடலாம்.

பாமசியில் வாங்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அதில் மணியைப் போட்டால் முதலில் அமிழும். ஈஸ்டுக்குள் இருக்கும் கற்றலேஸ் என்ற நொதியம் பேரொட்சைட்டை உடைத்து ஒட்சிசனை வெளிவிட, குமிழி ஒட்டிக்கொண்டு மேலே வரும். நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே மணிகளை வடித்து, அலசி, புதுக் கரைசலில் போடுங்கள், திரும்பவும் மிதக்கும். பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டிய இடம் அதுதான், அவசரப்படாதீர்கள். எங்கள் பக்கத்துக் காலைக் குளிரில் மெதுவாகத்தான் ஏறும். பாத்திரத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து 30 பாகையளவில் பிடித்தால் சரி.

கொதிக்க வைத்த ஈஸ்டிலும் ஒரு தொகுதி மணி செய்யுங்கள், அது அடியிலேயே கிடக்கும். ஏன் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ரோலரில் அரைபட்ட தேயிலைக் கொழுந்து செம்பு நிறமாவது நொதியத்தால், டிரையர் சூடு பட்டதும் அது நிற்கும் என்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள்.

நம் மணிக்குள் இருப்பது முழு ஈஸ்ட் கலம், மருந்து ஆலை மணியில் இருப்பது பிரித்தெடுத்த நொதியம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அன்ரிபயோட்டிக்குக்கு மட்டுமா என்று யாராவது கேட்டால் சிற்றாகிளிப்டின் இருக்கிறது. அந்த நீரிழிவு மருந்துக்கு உயரழுத்த ஐதரசனும் றோடியம் ஊக்கியும் வேண்டியிருந்த படியை, மேர்க், கொடெக்சிஸ் என்ற இரு நிறுவனங்களும் மாற்றியமைத்த ஒரு நொதியத்துக்குக் கொடுத்தன. 2010இல் அமெரிக்காவின் பசுமை இரசாயன விருது அதற்குக் கிடைத்தது.

மீந்த மணிகளைக் கல்சியக் கரைசலோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அடுத்த வகுப்புக்கும் எடுக்கலாம். போத்தலில் பெயர் ஒட்டிவிடுங்கள்; பார்ப்பதற்கு ஜவ்வரிசி மாதிரியே இருக்கும்.