டெல்டா ஜி கணக்கை பயப்படாம போடுறது எப்படி? சுண்ணாம்புக் காளவாசலை வச்சே பாத்துடலாம்

டெல்டா ஜின்னா கிப்ஸ் ஆற்றல் மாற்றம், அது மைனஸா வந்தா ரியாக்ஷன் நடக்க சாதகம், பிளஸ்னா சாதகம் இல்ல. கெமிக்கல் தெர்மோடைனமிக்ஸ்ல நிறைய பேர் மாட்டிக்கிறது தியரியில இல்ல, குறியிலயும் யூனிட்லயும் தான். ஃபார்முலா எல்லாருக்கும் தெரியும், ஆனா பிளஸ்ஸா மைனஸா, ஜூலா கிலோஜூலான்னு முடிவு பண்ணாமலே நம்பரைப் போட ஆரம்பிச்சுடுறாங்க, அப்புறம் விடை எங்கயோ போயிடுது. பத்து ரியாக்ஷனை மேலோட்டமா பாக்குறதுக்கு பதிலா ஒரே ஒண்ண எடுத்து முழுசா போட்டுப் பாருங்க. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டா என்ன ஆகுது? திட கால்சியம் கார்பனேட் உடைஞ்சு திட கால்சியம் ஆக்சைடும், கூடவே கார்பன் டை ஆக்சைடு வாயுவும் வருது. இந்தப் பாடத்துல முக்கியமானது பூராவும் இந்த ஒரு ரியாக்ஷன்லயே வந்துடும்.

முதல்ல சிஸ்டம் எதுன்னு முடிவு பண்ணுங்க. கல்லும் அதுல இருந்து வர்றதும் சிஸ்டம்; நெருப்பு, காளவாசல் சுவர், சுத்தி இருக்கிற காத்து எல்லாம் சரவுண்டிங்ஸ். எப்பவும் சிஸ்டம் பக்கம் நின்னு தான் பேசணும், உள்ள வெப்பம் வந்தா பிளஸ், வெளிய போனா மைனஸ், சிஸ்டம் மேல வேலை செஞ்சா பிளஸ். சில பழைய புக்லயும் இன்ஜினியரிங் புக்லயும் வேலையோட குறி தலைகீழா இருக்கும், ரெண்டையும் கலந்துடாதீங்க.

அடுத்தது தான் நிறைய பேர் தாண்டிப் போற ஸ்டெப், ஆனா எனக்கு இது தான் ரொம்ப முக்கியம்: கால்குலேட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி குறியை யூகிங்க. கல்லு உடைய நெருப்பு போட்டுக்கிட்டே இருக்கணும், அப்போ டெல்டா ஹெச், அதாவது என்தால்பி (வெப்ப) மாற்றம், பிளஸ். என்ட்ரோபிக்கு (ஆற்றலும் துகள்களும் எவ்வளவு பரவிக் கிடக்குன்னு சொல்ற அளவு) ரூம் கலைஞ்சு கிடக்குற உதாரணம் எல்லாம் வேண்டாம், அது கணக்குக்கு உதவாது, வாயு மோல் எத்தனைன்னு மட்டும் எண்ணுங்க. இடது பக்கம் வாயுவே இல்ல, வலது பக்கம் ஒரு மோல், அப்போ என்ட்ரோபி மாற்றமான டெல்டா எஸ்ஸும் பிளஸ். ரெண்டும் பிளஸ்னா ரியாக்ஷன் குறைஞ்ச சூட்டுல நடக்காது, சூடு ஏத்தினா ஒரு கட்டத்துல நடக்கும். இன்னும் ஒரு நம்பர் கூட போடல, பாதி விடை கையில இருக்கு பாருங்க.

இப்போ டேபிளை எடுங்க. 298 கெல்வின்ல உருவாதல் என்தால்பி (தனிமங்கள்ல இருந்து ஒரு மோல் பொருள் உருவாகும்போது வர்ற என்தால்பி மாற்றம்): கால்சியம் கார்பனேட் −1206.9, கால்சியம் ஆக்சைடு −635.1, கார்பன் டை ஆக்சைடு −393.5, எல்லாம் கிலோஜூல்ல, ஒரு மோலுக்கு. விளைபொருள் கூட்டுத்தொகையில இருந்து வினைபடுபொருளைக் கழிச்சா +178.3 கிலோஜூல். எந்த வழியில போனாலும் ஆரம்பமும் முடிவும் ஒண்ணா இருந்தா என்தால்பி மாற்றமும் ஒண்ணு தான்னு 1840ல ஹெஸ் சொன்னது தான் இப்படி கழிக்கிறதுக்கு அடிப்படை. என்ட்ரோபியும் அதே மாதிரி: 39.8 கூட்டல் 213.7, அதுல 92.9 கழிச்சா +160.6, ஆனா இது ஜூல், ஒரு கெல்வினுக்கு. இந்த இடத்துல தான் மார்க் போகுது, அதனால உடனே 1000ஆல வகுத்து 0.1606 கிலோஜூல்னு எழுதிட்டு தான் அடுத்த வரிக்குப் போகணும்.

டேபிள் பாக்கும்போது இன்னும் ரெண்டு விஷயம். இயல்பான நிலையில இருக்கிற தனிமங்களோட உருவாதல் என்தால்பி சைபர், ஆனா என்ட்ரோபி சைபர் இல்ல, ஆக்சிஜன் வாயுவுக்கு 205 ஜூல் கிட்ட இருக்கு, அதையும் சைபர்னு போட்டா மொத்தமும் போச்சு. அப்புறம் நிலைமையைப் பாருங்க, திரவ நீருக்கு −285.8, நீராவிக்கு −241.8, அவசரத்துல வரி மாறி எடுத்துடக்கூடாது.

இனி டெல்டா ஜி = டெல்டா ஹெச் − டி × டெல்டா எஸ், இதுல டின்னா வெப்பநிலை. 298 கெல்வின்ல 178.3ல இருந்து 47.9 போக +130.4 கிலோஜூல். பிளஸ், அதனால சாதாரண சூட்டுல கல்லு கல்லாவே தான் இருக்கும், மார்பிள் சிலை உதிர்ந்து சுண்ணாம்பா போகாததுக்கு இது தான் காரணம். எந்த சூட்டுல மாறும்னு பாக்க டெல்டா ஜியை சைபர்னு வச்சு 178.3ஐ 0.1606ஆல வகுங்க, 1110 கெல்வின் வரும், 837 டிகிரி செல்சியஸ். டி எப்பவும் கெல்வின்ல தான்.

நிஜக் காளவாசல்ல 900 டிகிரி, அதுக்கு மேலயும் வைக்கிறாங்களே, அப்போ நம்ம விடை தப்பான்னு கேட்டா, தப்பில்ல, தோராயம். டெல்டா ஹெச், டெல்டா எஸ் ரெண்டும் சூட்டோட மாறாதுன்னு நாம எடுத்துக்கிட்டோம், உண்மையில கொஞ்சம் மாறும், அதோட தொழில்ல கல்லு வேகமாவும் உடையணும். இன்னொண்ணு, நாம போட்டது வாயு 1 பார் அழுத்தத்துல இருக்கும்போது உள்ள கணக்கு. காத்தோட்டம் அந்த வாயுவை இழுத்துட்டுப் போயிட்டே இருந்தா அழுத்தம் குறையும், டெல்டா ஜியும் கீழ இறங்கும், இன்னும் கம்மி சூட்டுலயே உடைய ஆரம்பிக்கும். திட்ட நிலை (வாயு 1 பார்ல இருக்கும்போது உள்ள) டெல்டா ஜியும் அந்த நேரத்து டெல்டா ஜியும் வேறன்னு சொல்றது இதைத் தான், ரெண்டுக்கும் நடுவுல ஆர் டி எல்என் க்யூங்கிற ஒரு உறுப்பு இருக்கு (ஆர் வாயு மாறிலி, எல்என் இயல் மடக்கை, க்யூ அந்த நேரத்து வாயு அழுத்தத்தைக் காட்டுற விகிதம்), சமநிலையில அந்த நேரத்து டெல்டா ஜி சைபர் ஆயிடும்.

நீங்களே போட்டுப் பாக்க அம்மோனியா எடுத்துக்கோங்க: ஒரு நைட்ரஜனும் மூணு ஹைட்ரஜனும் சேர்ந்து ரெண்டு அம்மோனியா, டெல்டா ஹெச் −92.2 கிலோஜூல், டெல்டா எஸ் −198.7 ஜூல் ஒரு கெல்வினுக்கு. முதல்ல நாலு மோல் வாயு ரெண்டாகுதுன்னு எண்ணி குறியைச் சரிபாருங்க, எந்த சூட்டுக்குக் கீழ சாதகம்னு கண்டுபிடிங்க. ஃபேக்டரியில அந்த சூட்டைத் தாண்டி 400, 500 டிகிரியில ஓட்டுறாங்க, ஏன்னா கம்மி சூட்டுல ரியாக்ஷன் ரொம்ப மெதுவா போகும், வேகத்தைப் பத்தி டெல்டா ஜி ஒண்ணுமே சொல்லாது, அதிக சூட்டுல வர்ற நஷ்டத்தை அழுத்தத்தை ஏத்தி ஈடு கட்டுறாங்க. விடை 464 கெல்வின் கிட்ட வரணும். 0.464னு வந்துச்சுன்னா ஜூலை கிலோஜூலா மாத்தல, அந்த வரிக்குத் திரும்பிப் போங்க.